ஒரு சொப்புச் சாம்பலுக்காக: ஆஷஸ் தொடர் பற்றிப் புதியவர்களுக்கு

2023 ஜூலை 31, இரவு 11 மணி இருக்கும். லண்டன் ஓவல் மைதானத்தில் கடைசி டெஸ்ட் முடிந்து டி.வி.யில் பரிசளிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மகள் தூங்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு குட்டிக் கலசத்தைக் காட்டினார்கள்.

“இதான் கப்பா மாமா? என் சொப்புச் சாமான்ல இதவிடப் பெருசு இருக்கு.”

“ஆமா, இதான்.”

“ரெண்டு டீமும் ஆளுக்கு 2 மேட்ச் ஜெயிச்சிருக்காங்க. அப்புறம் ஏன் ஆஸ்திரேலியாவுக்கு மட்டும்?”

இரண்டுமே நியாயமான கேள்விகள். ஐ.பி.எல். பார்த்துக் கிரிக்கெட்டுக்குள் வந்தவர்களுக்கு ஆஷஸ் பிடிபடாமல் போவதும் இந்த இடங்களில்தான். அன்றைக்கு அவளுக்குத் தூக்கக் கலக்கத்தில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டாவது கேள்வி. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடும் டெஸ்ட் தொடருக்குத்தான் ஆஷஸ் என்று பெயர். இப்போது ஒரு தொடருக்கு 5 டெஸ்ட். ஒரு தடவை இங்கிலாந்தில் நடந்தால் அடுத்த தடவை ஆஸ்திரேலியாவில். ஏறக்குறைய 2 ஆண்டுக்கு ஒரு தொடர் வந்துவிடும். போன தொடரில் வென்றவரிடம் ஆஷஸ் இருக்கும். எதிராளி அதைப் பறிக்க வேண்டுமென்றால் தொடரை ஜெயித்தே ஆக வேண்டும். சமன் செய்தால் போதாது, இருப்பவரிடமே இருந்துவிடும். 2017-18இல் ஆஸ்திரேலியா 4-0 என்று வென்றது. 2019இல் 2-2, 2023இல் மறுபடி 2-2. இரண்டு தடவையும் இங்கிலாந்து தோற்கவில்லை, ஆனாலும் வெறுங்கையோடு நின்றது. ‘வென்றார்கள்’ என்பதற்கும் ‘தக்கவைத்தார்கள்’ என்பதற்கும் ஆஷஸில் இருக்கும் வித்தியாசம் இதுதான். இந்த ஒரு விதி தெரிந்தால், ஜெயிக்க வழியே இல்லாத ஆட்டத்தை டிராவாக்கக் கடைசி ஜோடி கட்டை போட்டு நேரத்தைக் கடத்தும்போது அரங்கமே ஏன் எழுந்து நிற்கிறது என்பதும் புரியும்.

முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். ஏனென்றால் அது ஒரு கேலியில் ஆரம்பிக்கிறது.

கண்ணீர் அஞ்சலி

உலகின் முதல் டெஸ்ட் ஆட்டமே இந்த இரண்டு அணிகளுக்கு இடையில்தான் நடந்தது. 1877 மார்ச், மெல்போர்ன். ஆஸ்திரேலியா 45 ரன்னில் ஜெயித்தது. அதன் நூற்றாண்டைக் கொண்டாட 1977இல் அதே மைதானத்தில் ஓர் ஆட்டம் வைத்தார்கள். அதிலும் ஆஸ்திரேலியா அதே 45 ரன்னில் ஜெயித்தது. இட்டுக்கட்டிச் சொன்னால் நம்பமாட்டோம்.

ஆனால் அங்கே தோற்றதை இங்கிலாந்து பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடல் தாண்டிப் போன இடத்தில் நடந்தது, போகட்டும் என்ற எண்ணம். சொந்த மண்ணில் தோற்பது வேறு. அது 1882 ஆகஸ்ட் 28, 29 தேதிகளில் ஓவல் மைதானத்தில் நடந்தது.

ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 63 ரன்னுக்குச் சுருண்டது. இங்கிலாந்து 101. அடுத்து ஆஸ்திரேலியா 122. ஆக, இங்கிலாந்து ஜெயிக்க 85 ரன் எடுத்தால் போதும். ஆனால் அந்த இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு சம்பவம் நடந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் சாமி ஜோன்ஸ் என்ற இளைஞர் ஓடி ஒரு ரன்னை முடித்தார். ஆட்டம் நின்றுவிட்டது என்று நினைத்துக் கிரீஸை விட்டு வெளியே போய், பிட்ச்சில் மேடாக இருந்த இடத்தைத் தட்டிச் சரி செய்தார். பந்து டபிள்யூ. ஜி. கிரேஸ் கையில் இருந்தது. இங்கிலாந்துக் கிரிக்கெட்டின் பெரிய மனிதர், தாடிக்காரர், அன்றைய சூப்பர் ஸ்டார். அவர் சத்தமில்லாமல் பெய்ல்ஸை (ஸ்டம்ப் மேல் இருக்கும் சின்னக் கட்டைகளை) தட்டிவிட்டு அவுட் கேட்டார். நடுவர் கையைத் தூக்கினார். சட்டப்படி அவுட்தான்.

நம்மூர்த் தெருவில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: போங்கு. இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

ஆஸ்திரேலிய அணி கொதித்துப்போனது. ஃபிரெட் ஸ்பாஃபோர்த் என்ற வேகப்பந்து வீச்சாளருக்கு ‘பிசாசு’ என்று பட்டப்பெயர். முதல் இன்னிங்ஸிலேயே 7 விக்கெட் எடுத்திருந்தவர் அந்தக் கோபத்தோடு மறுபடி பந்தை வாங்கினார். இங்கிலாந்து 2 விக்கெட்டுக்கு 51 என்று வசதியாகத்தான் இருந்தது. அங்கிருந்து அடுத்த 26 ரன்னுக்குள் மிச்சம் 8 விக்கெட்டும் விழுந்தன. ஸ்பாஃபோர்த்துக்கு மறுபடி 7. ஆட்டம் மொத்தத்தில் 90 ரன்னுக்கு 14. இங்கிலாந்து 77க்கு ஆல் அவுட், 7 ரன் வித்தியாசத்தில் தோல்வி. பார்க்க வந்த ஒருவர் பதற்றம் தாங்காமல் தன் குடையின் கைப்பிடியைக் கடித்தே தின்றுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. நம்புவது உங்கள் விருப்பம்.

கடைசி விக்கெட் போனபோது எதிர்முனையில் நின்றவர் சி. டி. ஸ்டட். நல்ல பேட்ஸ்மேன், ஆனால் அவரைக் கீழே தள்ளிவைத்து அனுப்பியதால் ஒரு பந்துகூட ஆடாமல் நின்றபடி தோல்வியைப் பார்த்தார். இவர் பின்னாளில் கிரிக்கெட்டை விட்டுவிட்டு மதபோதகரானார். சீனாவுக்குப் போய்விட்டு, 1900 முதல் 1906 வரை நம் ஊட்டியில் ஒரு தேவாலயத்தில் போதகராக இருந்தார். ஞாயிறு பிரசங்கம் முடிந்து வெளியே வரும்போது யாராவது அந்த 7 ரன்னைப் பற்றிக் கேட்டிருப்பார்களா என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

நாலு நாள் கழித்து, செப்டம்பர் 2ஆம் தேதி, லண்டனின் ‘ஸ்போர்ட்டிங் டைம்ஸ்’ பத்திரிகையில் ரெஜினால்ட் புரூக்ஸ் என்ற பத்திரிகையாளர் ஓர் இரங்கல் அறிவிப்புப் போட்டார். நம்மூர்ச் சுவர்களில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 29-8-1882 அன்று ஓவலில் இங்கிலாந்துக் கிரிக்கெட் காலமானது, நண்பர்களும் தெரிந்தவர்களும் துக்கத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அடியில் ஒரு குறிப்பு: உடல் தகனம் செய்யப்படும், சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்படும்.

அஸ்தி, கலசம் என்றால் நமக்குப் பழக்கமான விஷயம். அன்றைய இங்கிலாந்துக்காரர்களுக்கு அப்படி இல்லை, அவர்கள் புதைப்பவர்கள். பிணத்தை எரிக்கலாமா கூடாதா என்பதே அப்போது அங்கே பெரிய சர்ச்சை. அந்தச் சூழலில் ‘எரித்துச் சாம்பலை அனுப்புகிறோம்’ என்றதில் இன்னும் கொஞ்சம் காரம் இருந்தது.

அடுத்த சில வாரங்களில் ஐவோ பிளை என்ற பிரபு வீட்டுப் பிள்ளை தலைமையில் ஒரு அணி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியது. ‘அந்தச் சாம்பலை மீட்டு வருகிறேன்’ என்றார் பிளை. அவருக்கும் இது விளையாட்டுப் பேச்சுதான். ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. மெல்போர்னுக்கு வெளியே சன்பரி என்ற ஊரில் ரூபர்ட்ஸ்வுட் மாளிகையில் அவர் விருந்தாளியாக இருந்தபோது, அந்த வீட்டுப் பெண்கள் சேர்ந்து, ‘இந்தாங்கய்யா உங்க சாம்பல்’ என்கிற தினுசில் ஒரு சின்னக் கலசத்தைக் கையில் கொடுத்தார்கள். சுடுமண் கலசம், உயரம் சுமார் 11 சென்டிமீட்டர். உள்ளே இருப்பது எரித்த பெய்ல்ஸின் சாம்பல் என்பது பொதுவான நம்பிக்கை. பிளை குடும்பத்திலேயே ஒருவர், அது ஒரு முகத்திரையின் சாம்பல் என்று பிற்பாடு சொன்னார். திறந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல யாருக்கும் மனசில்லை.

கொடுத்த பெண்களில் ஒருவர் ஃபுளோரன்ஸ் மோர்ஃபி, அந்த மாளிகையில் இசை கற்றுக்கொடுத்தவர். 1884இல் பிளை அவரையே கல்யாணம் செய்துகொண்டார். கலசம் அவர்கள் வீட்டில் 40 வருஷத்துக்கு மேல் இருந்தது. 1927இல் பிளை இறந்த பிறகு ஃபுளோரன்ஸ் அதை லண்டனின் எம்.சி.சி.க்குக் கொடுத்தார். அதாவது மேரிலெபோன் கிரிக்கெட் கிளப், நம் சென்னை எம்.சி.சி. இல்லை. இன்றைக்கும் லார்ட்ஸ் மைதானத்து அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. கலசத்தின் மேல் ஓர் ஆறு வரிப் பாட்டு ஒட்டியிருக்கும். பிளையோடு யார் யார் ஊர் திரும்புவார்கள் என்று அதில் பெயர்கள் வரும். ஸ்டட் பெயரும் அதில் இருக்கிறது.

டி.வி.யில் கேப்டன் தூக்கிக் காட்டுவது நகல். 1998-99 முதல் கலச வடிவில் ஒரு கண்ணாடிக் கோப்பையும் கொடுக்கிறார்கள். அசல், யார் ஜெயித்தாலும் லார்ட்ஸை விட்டு நகராது. அது பிளைக்குக் கிடைத்த தனிப்பட்ட அன்பளிப்பு, போட்டிக் கோப்பை இல்லை, தவிர உடையக்கூடியது என்பது எம்.சி.சி. சொல்லும் காரணம். 1988இலும் 2006-07இலும் 2019-20இலும் ஆஸ்திரேலியாவுக்குச் சும்மா சுற்றிக்காட்டக் கொண்டுபோனதோடு சரி. இதைச் சொன்னதும் என் மருமகள், “ஜெயிச்சவங்க வீட்டுக்குக் கப் வராதா? இதுவே போங்குதானே மாமா?” என்றாள். பல ஆஸ்திரேலியர்களின் கட்சியும் அதுதான்.

உடம்பைப் பார்த்து எறி

ஆஷஸில் ஒரே ஒரு தொடரைத்தான் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், 1932-33 என்பேன்.

அதற்கு முன் 1930. டான் பிராட்மேன் என்ற 21 வயதுப் பையன் முதன்முதலாக இங்கிலாந்துக்கு வந்து 5 டெஸ்டில் 974 ரன் குவித்துவிட்டுப் போனார். லீட்ஸில் ஒரே நாளில் 309. ஒரு தொடரில் அத்தனை ரன் இன்று வரை வேறு யாரும் எடுக்கவில்லை. நிறுத்த வழியில்லாத ஆளை எப்படி நிறுத்துவது என்று இங்கிலாந்து மண்டையைக் குடைந்துகொண்டது. பம்பாயில் பிறந்து இங்கிலாந்துக்கு கேப்டனான டக்ளஸ் ஜார்டின் ஒரு வழி கண்டுபிடித்தார்.

வலக்கை ஆட்டக்காரர் மட்டையோடு நிற்கும்போது அவர் முதுகுப் பக்கம் இருப்பது லெக் சைடு. அந்தப் பக்கம் 5, 6 பேரைக் கைக்கெட்டும் தூரத்தில் நெருக்கி நிறுத்து. பந்தை ஸ்டம்ப்பைப் பார்த்துப் போடாதே. பாதியில் குத்தி, நெஞ்சுக்கும் தலைக்கும் ஏற்று. தலையில் ஹெல்மெட் இல்லாத காலம். ஆடுகிறவர் உடம்பைக் காப்பாற்ற மட்டையை உயர்த்தினால் பந்து லெக் சைடில் நிற்பவர் கைக்குப் போகும். உயர்த்தாவிட்டால் உடம்பில் விழும். இதுதான் பாடிலைன். இதைச் செய்ய ஒரு ஆள் வேண்டும் அல்லவா? ஹெரால்டு லார்வுட் இருந்தார், நாட்டிங்காம்ஷயர் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தவர், அன்றைக்கு உலகிலேயே வேகமான பந்துவீச்சாளர்.

1933 ஜனவரி, அடிலெய்டில் 3ஆவது டெஸ்ட், சனிக்கிழமை. மைதானத்தில் 50 ஆயிரம் பேர். லார்வுட் பந்து ஒன்று ஆஸ்திரேலிய கேப்டன் பில் வுட்ஃபுல்லின் மார்பில் இதயத்துக்கு நேராக அடித்தது. மட்டையைப் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அந்த நேரம் ஜார்டின், “நல்ல பந்து, ஹெரால்டு” என்றார். சொன்னது லார்வுட்டுக்கு, ஆனால் காதில் விழ வேண்டியது எதிரில் நின்ற பிராட்மேனுக்கு. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. லார்வுட்டின் அடுத்த ஓவரில், வலி தீராமல் நிற்கும் அதே வுட்ஃபுல்லுக்கு லெக் சைடில் ஆட்களைக் கொண்டுவந்து குவித்தார். கூட்டம் கத்திய கத்தலில் வேலி தாண்டி உள்ளே வந்துவிடுவார்கள் என்று வீரர்கள் பயந்தார்களாம். அடுத்த ஆட்ட நாளில் பெர்ட் ஓல்ட்ஃபீல்டுக்கு மண்டை ஓட்டில் விரிசல்.

இங்கிலாந்து அணியின் மேலாளர் ஆறுதல் சொல்ல ஆஸ்திரேலிய அறைக்குப் போனபோது வுட்ஃபுல் சொன்னது கிரிக்கெட் தெரிந்த எல்லோருக்கும் மனப்பாடம்: வெளியே 2 அணிகள் இருக்கின்றன, ஒன்றுதான் கிரிக்கெட் ஆடப் பார்க்கிறது. ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வாரியம், இது விளையாட்டு தர்மத்துக்கு விரோதம் என்று லண்டனுக்குத் தந்தி அடித்தது. அந்த வார்த்தையை வாபஸ் வாங்கினால்தான் தொடர் நடக்கும் என்று எம்.சி.சி. முறுக்கிக்கொள்ள, விஷயம் 2 நாட்டு அரசுகள் வரை போனது. வாரியம்தான் இறங்கிவந்தது. தொடரை இங்கிலாந்து 4-1 என்று ஜெயித்தது. பிராட்மேனின் சராசரி 56. வேறு யாருக்கும் அது அற்புதமான எண், அவருக்கு மட்டும் சரிவு.

எல்லா இங்கிலாந்துக்காரரும் இதற்கு உடன்பட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கப்பி ஆலன் அப்படிப் பந்து போடவே மாட்டேன் என்றார். இங்கிலாந்துக்காக ஆடிய பட்டோடி நவாப், முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தவர், லெக் சைடில் போய் நிற்க மறுத்தார். அடுத்த டெஸ்டோடு அவர் இடம் போனது. (நமக்குத் தெரிந்த ‘டைகர்’ பட்டோடியின் அப்பா இவர்.)

என்னை அதிகம் உறுத்துவது லார்வுட் கதை. தொடரில் 33 விக்கெட் எடுத்தார். பிறகு உறவைச் சரிசெய்ய வேண்டிய நேரம் வந்ததும் அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேப்டன் சொன்னதைச் செய்தேன், நான் எதற்குக் கேட்கணும் என்றார். அதன்பின் அவர் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. ஜார்டினோ அடுத்த ஆண்டே இந்தியாவுக்கு அணியை அழைத்து வந்தார். 1934 பிப்ரவரியில் நம் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்டில் இங்கிலாந்து கேப்டன் அவர்தான். உத்தரவு போட்டவர் பதவியில், நிறைவேற்றியவர் வீட்டில். 1950இல் லார்வுட் குடும்பத்தோடு குடிபெயர்ந்தார். எங்கே என்கிறீர்கள்? ஆஸ்திரேலியாவுக்கு. தன் பந்தில் அடி வாங்கியவர்கள் ஊரில், மரியாதையோடு வாழ்ந்து அங்கேயே இறந்தார்.

லெக் சைடில் ஸ்கொயருக்குப் பின்னால், அதாவது ஆடுகிறவரின் கிரீஸ் கோட்டுக்குப் பின்னால், 2 பேருக்கு மேல் நிறுத்தக் கூடாது என்று இன்றைக்கு ஒரு விதி இருக்கிறது. மீறினால் நோ பால். அந்த விதியின் வேர் இந்தத் தொடரில்தான் இருக்கிறது.

யார் கை ஓங்கியிருந்தது

இதுவரை 70க்கும் மேற்பட்ட தொடர்கள் நடந்திருக்கின்றன. மொத்தக் கணக்கில் ஆஸ்திரேலியா கொஞ்சம் முன்னால். ஆனால் மாறி மாறி ஜெயிக்கிற கதை இல்லை இது. ஒருவர் ஏறி உட்கார்ந்தால் பல வருஷம் இறங்கமாட்டார்.

1934 முதல் 1953 வரை 19 ஆண்டு ஆஸ்திரேலியாவிடம் இருந்தது. நடுவில் உலகப் போரால் ஆட்டமே இல்லாத ஆண்டுகளும் அதில் அடக்கம். அந்தக் காலத்தின் முடிவில் ஒரு காட்சி. 1948, ஓவல், பிராட்மேனின் கடைசி டெஸ்ட். 4 ரன் எடுத்தால் வாழ்நாள் சராசரி சரியாக 100. எரிக் ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்தில் போல்டாகி 0. சராசரி 99.94 என்று நின்றுவிட்டது. இன்னொரு ஓரத்தில் 1956, ஓல்டு டிராஃபோர்டு: சுழற்பந்து வீச்சாளர் ஜிம் லேக்கர் ஒரே ஆட்டத்தில் 19 விக்கெட். விழக்கூடிய 20இல் 19. மிச்சம் ஒன்றை எடுத்த டோனி லாக்கும் சுழற்பந்து வீச்சாளர்தான், அதே பிட்ச்தான். பாவம் மனிதர்.

1971 ஜனவரியில் மெல்போர்ன் டெஸ்ட் மழையில் அடித்துப்போக, ஏமாந்த ரசிகர்களுக்காகக் கடைசி நாளில் அவசரமாக 40 ஓவர் ஆட்டம் ஒன்று வைத்தார்கள். அதுதான் உலகின் முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டி. இந்தச் சண்டையின் உபரி என்றே சொல்லலாம்.

1974-75இல் டெனிஸ் லில்லியும் ஜெஃப் தாம்சனும் இங்கிலாந்து ஆட்களின் கையையும் விரலையும் உடைத்துக்கொண்டிருந்தார்கள். பதிலுக்கு ஆள் வேண்டும். 42 வயதை நெருங்கிக்கொண்டிருந்த மைக்கேல் காலின் கௌட்ரியை விமானத்தில் ஏற்றி வரவழைத்தார்கள். மூன்று ஆண்டுக்கு மேலாக டெஸ்ட் ஆடாதவர். குளிரில் இருந்து வந்து இறங்கி, சில நாளில் பெர்த்தின் வேகமான பிட்ச்சில் நின்றார். தாம்சனிடம் போய், “வணக்கம், என் பெயர் கௌட்ரி” என்று அறிமுகப்படுத்திக்கொண்டார் என்பார்கள். 22, 41 என்று ரன் எடுத்தார். உடம்பெல்லாம் காயம். கௌட்ரி பிறந்தது ஊட்டியில், 1932இல். பெயரின் முதலெழுத்துகள் எம்.சி.சி. என்று வரும்படி அப்பா வேண்டுமென்றே வைத்தது.

1981 ஹெடிங்லியைச் சொல்லாமல் நகர முடியாது. இயன் போத்தம் முந்தைய டெஸ்டில் 2 இன்னிங்ஸிலும் 0 எடுத்து, கேப்டன் பதவியை விட்டவர். ஹெடிங்லியில் இங்கிலாந்து ஃபாலோ ஆன். அதாவது முதல் இன்னிங்ஸில் 227 ரன் பின்தங்கியதால் உடனே மறுபடி ஆடச் சொல்லிவிட்டார்கள். அதிலும் 135க்கு 7 போய்விட்டது. மைதானத்துப் பந்தயக்காரர்கள் இங்கிலாந்து ஜெயித்தால் 1க்கு 500 என்று பலகையில் போட்டிருந்தார்கள். ஆஸ்திரேலிய வீரர்களான லில்லியும் ரோட் மார்ஷும், சும்மா போட்டு வைப்போம் என்று சின்னத் தொகை கட்டினார்கள், தங்கள் அணிக்கு எதிராகவே! போத்தம் இனி இழக்க என்ன இருக்கிறது என்று சுழற்ற ஆரம்பித்தார். அவுட்டாகாமல் 149. ஆஸ்திரேலியாவுக்கு இலக்கு வெறும் 130. ஒரு விக்கெட்டுக்கு 56 என்று போய்க்கொண்டிருந்தவர்கள், பாப் வில்லிஸ் 43 ரன்னுக்கு 8 விக்கெட் எடுக்க, 111க்கு ஆல் அவுட். லில்லியும் மார்ஷும் தோற்ற ஆட்டத்தில் பந்தயப் பணம் வாங்கினார்கள். அவர்கள் ஆட்டத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. இன்றைக்கு அப்படிச் செய்தால் தொலைந்தார்கள்.

1989இல் ஆலன் பார்டர் பறித்த ஆஷஸை ஆஸ்திரேலியா 16 ஆண்டு விடவில்லை. 1993இல் ஷேன் வார்ன் ஆஷஸில் வீசிய முதல் பந்து, லெக் ஸ்டம்ப்புக்கு வெளியே குத்தி, மைக் கேட்டிங்கைத் தாண்டிப்போய் ஆஃப் ஸ்டம்ப்பைத் தொட்டது. கேட்டிங் நகராமல் பிட்ச்சையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த 16 ஆண்டும் இங்கிலாந்து அப்படியேதான் நின்றது. 2002இல் சென்னையில் பிறந்த நாசர் ஹுசேன் கேப்டன். பிரிஸ்பேனில் டாஸ் ஜெயித்து, முதலில் பந்து வீசுகிறோம் என்றார். அன்று மாலை ஆஸ்திரேலியா 2 விக்கெட்டுக்கு 364. அந்த டாஸை இன்னும் யாரும் மறக்கவில்லை. வர்ணனையில் அவரே சொல்லிச் சிரிக்கிறார்.

அதனால்தான் 2005 இவ்வளவு பேசப்படுகிறது. எட்ஜ்பாஸ்டனில் 2ஆவது டெஸ்ட் தொடங்கும் காலை, பயிற்சியின்போது தரையில் கிடந்த பந்தை மிதித்து கிளென் மெக்ராவின் கணுக்கால் பிசகியது. ஆஸ்திரேலியாவின் தலைசிறந்த வேகப்பந்து வீச்சாளர் ஆட்டத்திலேயே இல்லை. கடைசி நாள் ஆஸ்திரேலியாவுக்கு 107 ரன் வேண்டும், கையில் 2 விக்கெட். அரை மணியில் முடிந்துவிடும் என்று நினைத்தே கூட்டம் வந்தது. வார்ன் 42 எடுத்துவிட்டு, தன் காலாலேயே ஸ்டம்ப்பைத் தட்டி அவுட். பிறகு பிரெட் லீயும் மைக்கேல் காஸ்பரோவிச்சும். ஒன்று, இரண்டு, நாலு என்று 59 ரன் சேர்த்துவிட்டார்கள். இன்னும் 3 ரன். ஸ்டீவ் ஹார்மிசன் வீசிய பந்து காஸ்பரோவிச்சின் கையுறையில் பட்டுக் கீப்பரிடம் போனது. 2 ரன்னில் இங்கிலாந்து. பட்ட நேரம் அந்தக் கை மட்டையில் இல்லை, ஆகவே அவுட் இல்லை என்று ரீப்ளே பார்த்தவர்கள் சொன்னார்கள். முறையீடு செய்ய டி.ஆர்.எஸ். அப்போது கிடையாது. எல்லோரும் குதிக்கையில் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப் மட்டும், குந்தி உட்கார்ந்திருந்த லீயின் தோளில் கைவைத்துக் குனிந்து பேசினார். அந்தப் புகைப்படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். தொடர் 2-1.

அதற்குப் பின் 2006-07இல் ஆஸ்திரேலியா 5-0, 2013-14இல் மறுபடி 5-0. ஆஸ்திரேலிய மண்ணில் இங்கிலாந்து கடைசியாகத் தொடர் வென்றது 2010-11இல். 2019 ஹெடிங்லியில் பென் ஸ்டோக்ஸ் கடைசி விக்கெட்டுக்கு 76 ரன் சேர்த்தார். அதில் கூட நின்ற ஜாக் லீச்சின் பங்கு 1. நான் பார்த்ததிலேயே விலைமதிப்பான ஒரு ரன் அது.

பெண்களுக்கும் ஆஷஸ் உண்டு. இந்த 2 நாடுகளும் 1934-35 முதலே பெண்கள் டெஸ்ட் ஆடுகின்றன. 1998இல் லார்ட்ஸில் ஒரு மட்டையை எரித்து அவர்களுக்கென்று சாம்பல் செய்தார்கள். 2013 முதல் டெஸ்ட், ஒருநாள், டி20 மூன்றையும் சேர்த்துப் புள்ளி போடுகிறார்கள்: இப்போது டெஸ்டுக்கு 4, மற்றதற்கு ஆட்டத்துக்கு 2. 2025இல் ஆஸ்திரேலியா அத்தனை ஆட்டமும் ஜெயித்து 16-0.

மறுபடியும் போங்கு

மருமகளோடு நான் பார்த்த 2023 தொடருக்கு வருகிறேன். ஜூலை 2, லார்ட்ஸ், 5ஆவது நாள். கேமரன் கிரீன் வீசிய பவுன்சருக்கு ஜானி பேர்ஸ்டோ குனிந்தார். பந்து கீப்பரிடம் போனது. பேர்ஸ்டோ காலால் கிரீஸில் ஒரு கீறு கீறிவிட்டு, ஓவர் முடிந்தது என்று நினைத்து எதிர்முனைப் பக்கம் நடந்தார். கீப்பர் அலெக்ஸ் கேரி பந்து கைக்கு வந்த வேகத்திலேயே ஸ்டம்ப்பைப் பார்த்து எறிந்திருந்தார். அவுட். சட்டப்படி சரி. 1882இல் சாமி ஜோன்ஸ் அவுட்டானது எப்படி என்று மேலே போய் ஒரு தடவை படித்துப் பாருங்கள். சட்டை மட்டும் மாறியிருக்கிறது.

அரங்கம் ஆஸ்திரேலியர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று பாட ஆரம்பித்தது. கோட்டும் டையுமாக இருக்கும் லார்ட்ஸ் நீள்கூடத்தில் உறுப்பினர்கள் ஆஸ்திரேலிய வீரர்களிடம் மல்லுக்கு நின்றார்கள், எம்.சி.சி. 3 பேரை இடைநீக்கம் செய்தது. கேரி செய்ததுபோல் பேர்ஸ்டோவும் அதே ஆட்டத்தில் எறிந்து பார்த்தவர்தான் என்று ஆஸ்திரேலியர்கள் வீடியோ காட்டினார்கள். பிரிட்டன் பிரதமர் ரிஷி சுனக், இப்படி ஜெயிக்க நான் விரும்பமாட்டேன் என்றார். ஆஸ்திரேலியப் பிரதமர் ஆல்பனீஸி பதிலடி கொடுத்தார். கொஞ்ச நாளில் நேட்டோ மாநாட்டில் இருவரும் சந்தித்தபோது ஆல்பனீஸி கேரி ஸ்டம்ப்பிங் படத்தைத் தூக்கிக் காட்ட, சுனக், “மன்னிக்கணும், உப்புத்தாள் கொண்டுவர மறந்துட்டேன்” என்றார். 2018இல் ஆஸ்திரேலிய வீரர்கள் உப்புத்தாளால் பந்தைத் தேய்த்து மாட்டிக்கொண்டதைத்தான் குத்திக்காட்டினார்.

யார் பக்கம் நியாயம்? என் ஓட்டு கேரிக்கு. கிரேஸ் செய்தது போங்கு, கேரி செய்தது போங்கில்லை என்று எப்படிச் சொல்கிறாய் என்று என் நண்பர் ஒருவர் இன்னும் சண்டை போடுகிறார். கிரேஸ் காத்திருந்து எடுத்தார், கேரி யோசிக்கக்கூட நேரமில்லாமல் எறிந்தார் என்பது என் வாதம். அது பலவீனமான வாதம் என்று எனக்கும் தெரியும்.

பார்க்க ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு நேரக் கணக்கு: இங்கிலாந்தில் நடந்தால் நமக்கு மாலை 3.30க்குத் தொடங்கும், வேலைக்கு நடுவில் திருட்டுத்தனமாக ஸ்கோர் பார்க்க வசதி. ஆஸ்திரேலியாவில் என்றால் மெல்போர்ன், சிட்னி பகல் ஆட்டங்கள் விடியற்காலை 5 மணிக்கு, பிரிஸ்பேன் 5.30க்கு, பெர்த் மட்டும் காபி குடித்துவிட்டு உட்காரலாம். எந்த ஊராக இருந்தாலும் தொடரின் முதல் பந்தை விட்டுவிடாதீர்கள். 2006இல் ஹார்மிசன் வீசிய முதல் பந்து நேராக இரண்டாவது ஸ்லிப்பில் நின்ற கேப்டன் கைக்குப் போனது. 2023இல் சாக் கிராலி முதல் பந்தையே பவுண்டரிக்கு அடித்தார். 2021 பிரிஸ்பேனில் மிட்செல் ஸ்டார்க் வீசிய முதல் பந்தில் ரோரி பர்ன்ஸ் போல்டு. நான் அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.